இயந்திரத் தீயும் உரிமையாளர் பொறுப்பும்

பழனி மலையில் மாசி, பங்குனி மாதங்களில் புல் காய்ந்து நிற்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறைப் பகுதித் தோட்டங்களில் இயங்கும் எஞ்சின் ஒன்று பொறி சிந்தினால் அண்டைத் தோட்டமும் அரசுக் காடும் பற்றிக்கொள்ளும். அதனை 'எதிர்பாராத விபத்து' என்று கூறி உரிமையாளர் தப்ப இயலுமா?

பெட்ரோல் கசிவதையும், புகைக்குழாய் ஓட்டையாயிருப்பதையும் அறிந்தும் சீர்செய்யாது விடுதல் அஜாக்கிரதையாகும். வேலையின்போது பணியாள் இயக்கியிருப்பினும் நஷ்டஈட்டுப் பொறுப்பு முதலாளியையும் சாரும். இது சிவில் பொறுப்பு.

தம் வசமுள்ள இயந்திரத்தால் மனித உயிருக்கு ஆபத்து நேராவண்ணம் காக்கத் தவறுதல் குற்றமும் ஆகும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 289-ஆம் பிரிவின்படி இதற்கு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

மின்சாரத்திற்கோ பொறுப்பு இன்னும் கடுமையானது. மின்கம்பி அறுந்து வீழ்ந்து ஒருவர் மாண்ட வழக்கில், அஜாக்கிரதை மெய்ப்பிக்கப்படாவிடினும் மத்தியப் பிரதேச மின்சார வாரியமே பொறுப்பு என 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நஷ்டமடைந்தோர் உடனே காவல் நிலையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். எரிந்த பயிரைப் படமெடுத்து வைத்தல் நலம். தை முடியுமுன் இயந்திரங்களைப் பழுது பார்க்குமாறு ஊராட்சி உறுப்பினர்கள் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக. பழுது பார்க்கும் செலவு சிறிது. எரிந்த தோட்டத்திற்கு ஈடு செய்வதோ ஒரு குடும்பத்தையே கடனில் ஆழ்த்தும் என்பதை நாம் மறத்தலாகாது.