அவங்க தண்ணி... எங்க தண்ணி!

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தால், எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, 'நீ போயேன்' என்று கண்ணாலேயே பேசிக்கொள்வோம். கடைசியில் குடும்பத் தலைவர் என்று ரேஷன் கார்டில் மட்டும் மதிக்கப்படுகிற ஆசாமிதான் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து போகவேண்டியிருக்கும். போனேன்.

வாசலில் டை கட்டிய ஒரு பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். டையைத் தவிர மற்றதெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

"சார், உங்க வீட்டுத் தண்ணிய டெஸ்ட் பண்ணிக் காட்டணும். ஃப்ரீ சார். அஞ்சே நிமிஷம்."

'ஃப்ரீ' என்ற வார்த்தை சமையலறை வரைக்கும் கேட்டிருக்கவேண்டும். "வரச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்துவிட்டது.

பையன் ஹாலில் உட்கார்ந்து கடை பரப்பினான். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர். இன்னொன்றில், அவன் கம்பெனி மெஷினில் சுத்தம் செய்து பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. 'கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்' என்று சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ப்பார்களே, அந்த மாதிரி எங்கள் வீட்டில் ஆறு பேர் அவனைச் சுற்றி நின்றுவிட்டோம். (குடியிருப்பது நாலு பேர். மீதி ரெண்டு பேர் பக்கத்து வீடு.)

ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். அதிலிருந்து கீழ்நோக்கி நாலு கம்பிகள். ஜோடி ஜோடியாக இரண்டு டம்ளரிலும் முக்கி, ப்ளக்கைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டான்.

அவன் டம்ளர் அசையாமல் இருந்தது. எங்கள் டம்ளரில் குமிழ் கிளம்பியது. லேசாக மஞ்சள்... பிறகு பச்சை... பிறகு, சொன்னால் சாப்பிட முடியாது, சாக்கடை! மேலே திட்டுத் திட்டாகப் பழுப்பு நிற நுரை வேறு.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். நீங்களே பாருங்க" என்றான்.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஏண்டா... போன மாசம் பாப்பாவுக்கு நாலு நாள் வயித்தால போச்சே. ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் எல்லாம் ஏத்தினாங்களே. இந்தத் தண்ணியாலதானா? நாந்தானேடா மோந்து மோந்து குடுத்தேன்?"

அம்மா அழுது நான் பார்த்தது மொத்தமே இரண்டு மூன்று தடவைதான். மெஷின் விலை 18,500 ரூபாய். பேரம் கூடப் பேசத் தோன்றவில்லை. பணம் அனுப்புவதற்காக போனைத் தேடினேன்.

அந்த நேரம் பார்த்து, கறிவேப்பிலை கேட்டு இறங்கி வந்தார் மாடி வீட்டு டீச்சரம்மா. முப்பது வருஷம் ப்ளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுத்து ரிட்டையர் ஆனவர். இரண்டு டம்ளரையும் பார்த்தார். பையனைப் பார்த்தார். பேசாமல் சமையலறைக்குள் போய், உப்பு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து அவனுடைய சுத்தமான தண்ணீரில் போட்டுக் கலக்கி, "இப்ப ஸ்விட்சைப் போடு தம்பி" என்றார்.

போட்டான். எங்கள் சாக்கடையாவது ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அவன் சாக்கடை அரை நிமிஷத்தில் ரெடி!

டீச்சரம்மா பாடம் எடுத்தார். தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால்தான் மின்சாரம் நன்றாகப் பாயும். பாய்ந்தால் கம்பியில் இருக்கிற இரும்பு கரையும். அந்தப் பழுப்பு எங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அவன் கம்பியிலிருந்து வந்த இரும்பு! அவன் தண்ணீரில் உப்பையெல்லாம் மெஷின் எடுத்துவிட்டதால் மின்சாரம் சரியாகப் பாயவில்லை. அவ்வளவுதான் சமாசாரம். மருத்துவ குணம் உள்ளதென்று காசு கொடுத்து வாங்குகிற மினரல் வாட்டரை ஊற்றினாலும் சாக்கடைதான் வரும்.

"அப்ப நம்ம தண்ணி நல்ல தண்ணிதானே டீச்சர்?" என்றேன் உற்சாகமாக.

"அப்படி நான் சொல்லலியே. நல்லதா கெட்டதான்னு இந்தப் பெட்டிக்குத் தெரியாதுன்னு சொல்றேன். கிருமி இருந்தா இதுல தெரியுமா என்ன? லேபுக்குக் கொடுத்துப் பாருங்க."

பையன் முகம் சுண்டிவிட்டது. "ட்ரெய்னிங்ல எங்களுக்கு இப்படித்தான் மேடம் சொல்லிக் குடுத்தாங்க" என்றான். பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை. கிளம்பும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டான். எங்கள் பானையிலிருந்துதான் கொடுத்தோம். ரெண்டு சொம்பு குடித்தான்.

அவன் போனபிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் சொன்னதில் எது பொய்? 'உங்க தண்ணி அழுக்கு' என்று அவன் வாயால் சொல்லவே இல்லையே! 'நீங்களே பாருங்க' என்றான். பொய்யை நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். இந்த எங்கள் தண்ணி - உங்கள் தண்ணி வித்தை அவன் கம்பெனி கண்டுபிடித்தது இல்லை. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் கோடிக்கணக்கில் செலவழித்து நடத்தியதுதான். தன் சரக்கைப் போட்டிக் கம்பெனியின் சரக்கோடு ஊரறியச் சோதித்துக் காட்டுவது நியாயமா, இல்லையா என்று கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1975-ல் டல்லாஸ் நகரத்தில் ஆரம்பித்தது பெப்சிக்காரர்களின் சவால். பெயர் தெரியாத இரண்டு கப். குடித்துப் பார், எது பிடித்திருக்கிறது சொல். நிறைய பேர் பெப்சியைக் கை காட்ட, கோக் கம்பெனி கலங்கிவிட்டது. தாங்களும் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லி, கொஞ்சம் இனிப்பு தூக்கலாகப் புது கோக் ஒன்றைத் தயாரித்தார்கள். சோதனையில் அது எல்லாவற்றையும் ஜெயித்தது. 1985 ஏப்ரல் 23-ம் தேதி புதுசை இறக்கிப் பழசை நிறுத்தினார்கள். ஜனங்கள் கொதித்துப் போய்விட்டார்கள். 79 நாளில் பழைய கோக் திரும்ப வந்தது!

இது எப்படி? எங்கள் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். என் சகதர்மிணி மூன்று டம்ளரில் காபி வைத்தாள். ஒவ்வொரு மடக்கு குடித்துவிட்டு, "இதுதான் பிரமாதம்!" என்று மூன்றாவதைக் காட்டினேன். அதில் மட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரை ஜாஸ்தி. சரி என்று அதையே முழு டம்ளர் குடித்தேன். பாதியிலேயே திகட்டிவிட்டது. ஒரு மடக்கில் ஜெயிக்கிற சரக்கு வேறு, தினமும் வீட்டில் புழங்குகிற சரக்கு வேறு. சோதனையில் தப்பில்லை. கேட்ட கேள்விதான் தப்பு.

இதையும் தூக்கிச் சாப்பிட்டது ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனி. 1981 ஜனவரியில், அமெரிக்கா முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் சூப்பர் பவுல் ஃபுட்பால் மேட்ச் அன்றைக்கு, நேரடி ஒளிபரப்பில் சோதனை! 'மிக்கலோப்' என்ற போட்டி பீரைத்தான் குடிப்போம் என்று சொல்கிற 100 பேரை உட்காரவைத்து, பெயர் மறைத்து இரண்டையும் கொடுத்தார்கள். விசில் ஊத நிஜமான ஃபுட்பால் அம்பயர் வேறு. முடிவு? 50 பேர் ஷ்லிட்ஸுக்கு ஓட்டு. 'எதிரியின் கோட்டையிலேயே பாதி நம் பக்கம்' என்று கொண்டாட்டம்.

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். ருசியில் வித்தியாசமே தெரியாத 100 பேர் காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் 50-ஐ ஒட்டித்தானே வரும்? அதையே ஷ்லிட்ஸ் குடிக்கிறவர்கள் 100 பேரை உட்காரவைத்திருந்தால், பாதிப் பேர் கட்சி மாறியிருப்பார்கள். அதனால் அவர்களைக் கூப்பிடவே இல்லை! கெட்டிக்காரத்தனம் பீரில் இல்லை, ஆள் பொறுக்கியதில். ஆனாலும் 1982-ல் கம்பெனி கைமாறிவிட்டது என்பது வேறு விஷயம்.

நம் ஊர் மட்டும் லேசுப்பட்டதா? 1997-ல் பெப்சோடெண்ட், 'முன்னணி டூத்பேஸ்ட்டைவிட 102 சதவிகிதம் மேல்' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பையன்கள். 'நீ எந்தப் பேஸ்ட்?' என்று கேட்டால், ஒருத்தன் பதில் மட்டும் காதில் விழாது. உதடு அசைவதைப் பார்த்தால் 'கோல்கேட்' என்று புரியும்! பெயரும் சொல்லவில்லை, சொல்லாமலும் இல்லை. சுப்ரீம் கோர்ட் வரை போனது வழக்கு. 2010-ல் ரின் ஒரு படி மேலே போய், பஸ் ஸ்டாப்பில் இரண்டு அம்மாக்களை நிற்கவைத்து, டைட் பாக்கெட்டை முகத்துக்கு நேராகவே காட்டியது. கல்கத்தா ஹைகோர்ட் அந்த விளம்பரத்துக்குத் தடை போட்டது. அதே சமயம் நம் சென்னை ஹைகோர்ட்டில் ரின் கம்பெனிக்காரர்கள், 'டைட் நேச்சுரல்ஸில் எலுமிச்சையும் சந்தனமும் எங்கே இருக்கிறது?' என்று கேட்க, விளம்பரத்தைத் திருத்தச் சொல்லி உத்தரவானது. ஆக, இருவருமே வெள்ளை வேட்டிதான்!

நம் கோர்ட்டுகள் வகுத்த ஒரு விதி எனக்கு வேடிக்கையாகப் படும். சொட்டுநீலம் உஜாலாவுக்கும் ராபின் நீலத்துக்கும் நடந்த வழக்கில், தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தா ஹைகோர்ட் அதைத் தெளிவாகச் சொன்னது. 'உலகத்திலேயே என் சரக்குதான் உசத்தி' என்று நீ பீற்றிக்கொள்ளலாம், அது உண்மையில்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒப்பிட்டுக்கூடச் சொல்லலாம். ஆனால், 'அவன் சரக்கு மட்டம்' என்று சொல்லக் கூடாது. தன்னைப் பற்றிப் புளுகலாம், அடுத்தவனைத் தொடக் கூடாது!

இதனால் என்ன ஆகிறது? யாரும் பெயர் சொல்வதில்லை. 'சாதாரண பவுடர்', 'மற்ற சோப்புகள்' என்று ஒரு முகமூடி ஆசாமியை நிறுத்திவைத்துத் தினமும் அடித்து நொறுக்குகிறார்கள். அந்த ஆசாமி யார்? பெயர் இருந்தால்தானே அவன் திருப்பிக் கேட்பான்! எங்கள் வீட்டு போர்வெல் தண்ணிக்காக எந்தக் கம்பெனி கோர்ட்டுக்குப் போகும், சொல்லுங்கள்?

அதனால் என் கட்சி இதுதான். தாராளமாகச் சோதிக்கட்டும். பெயரைச் சொல்லியே சோதிக்கட்டும். ஆனால் எத்தனை பேர், யாரைப் பொறுக்கினாய், எதை அளந்தாய் என்பதையும், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் போடாமல், அதே சைஸ் எழுத்தில் போடவேண்டும். அடிபட்டவன் அதே சோதனையைத் தன் உப்பைப் போட்டுச் செய்துகாட்டவும் வழி இருக்கவேண்டும். விளம்பரக் கம்பெனிகளே 1985-ல் ஏற்படுத்திக்கொண்ட தர நிர்ணயக் கவுன்சிலின் விதியில்கூட, தனக்குச் செயற்கையாகச் சாதகம் வருகிற மாதிரி ஒப்பிடும் விஷயத்தைப் பொறுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஷ்லிட்ஸ் கதையும் எங்கள் வீட்டுக் கறுப்புப் பெட்டி கதையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் சோதித்தால் இன்னும் விசேஷம். அமெரிக்காவில் 1936-லிருந்து 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகைக்காரர்கள், கடையில் காசு கொடுத்து நம்மைப் போலவே சாமான் வாங்கிச் சோதித்து எழுதுகிறார்கள். பத்திரிகையில் கம்பெனி விளம்பரம் கிடையாது. ஜெர்மனியில் 1964-ல் அரசாங்கமே 'ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட்' என்ற அமைப்பை உண்டாக்கியது. அது கொடுக்கிற மார்க்கைக் கம்பெனிகள் பெருமையாகப் பாக்கெட்டில் அச்சடித்துக்கொள்கின்றன. நம் நாட்டிலும் அகமதாபாத் நுகர்வோர் மையம் பல வருஷமாக இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அவர்களிடம் இரண்டு டம்ளரும் டை கட்டிய பையனும் இல்லையே! ஞாயிற்றுக்கிழமை யார் வந்து மணி அடிப்பது?

டீச்சரம்மா சொன்னபடி, தண்ணீரை லேபில் கொடுத்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 640 மில்லிகிராம். '500-க்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை பரவாயில்லை' என்பது இந்தியத் தர நிர்ணயம். கிருமி இல்லை. பாப்பாவின் வயிற்றுக்கு வந்த வினை எங்கிருந்து என்பதும் பிறகு தெரிந்தது. ஸ்கூல் வாசலில் பானிபூரி!

ரிப்போர்ட்டை அம்மாவிடம் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். "சரிதாண்டா, நீ சொன்னா சரி" என்றாள். பாப்பாவுக்குத் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்கவைக்கிறாள். எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுகிறாள். கொடுப்பதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள்.