உங்களுக்குத் தெரியுமா? தியலுமவில் விழும் ஒரு லீற்றர் தண்ணீர்

பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே விழும் தியலும நீர்வீழ்ச்சியின் உயரம் சுமார் 220 மீற்றர். உச்சியிலிருந்து ஒரு லீற்றர், அதாவது ஒரு கிலோ தண்ணீர் கீழே வரும்போது அதன்மீது புவியீர்ப்பு செய்யும் வேலை ஏறத்தாழ 2,156 யூல். தடையே இல்லாவிட்டால் அவ்வளவும் இயக்கசக்தியாகி, அடிவாரத்தில் வேகம் மணிக்கு 236 கிலோமீற்றரைத் தொடும். நல்லவேளை, அப்படி நடப்பதில்லை! நீர் பாறையில் மோதிச் சிதறுகிறது. சிதறிய துளிகளைக் காற்று தடுக்கிறது. பெரிய மழைத்துளிகூடச் செக்கனுக்கு 9 மீற்றர் அளவில்தான் விழும். மீதிச் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகிறது.

20 கிலோ கொழுந்துச் சாக்கை மலையில் 11 மீற்றர் உயரத்துக்குச் சுமந்து ஏறும் தோட்டத் தொழிலாளி, அந்தச் சாக்குக்காகச் செய்யும் வேலையும் அதே 2,156 யூல்தான். தன் உடம்பை மேலே கொண்டுபோகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேரவில்லை.