படகின் உட்புறத்துக்கு ஒரு கண்ணாடிச் சட்டை

மரத்தில் மாதிரிப் படகு செய்பவர்கள் உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2 மி.மீ. தடிமனுள்ள பக்கப் பலகையைத் தேய்த்துத் தேய்த்து 1.5 மி.மீ. ஆக்கிவிட்டால், போனது கால் பங்குதானே என்று தோன்றும். ஆனால் பலகையின் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். முக்கால் பங்காகக் குறைந்தால் மிஞ்சுவது 42 சதவீதம்தான். அழகுக்காகத் தேய்த்ததில் பாதிக்கு மேல் விறைப்பு போய்விடுகிறது.

இன்னொரு பலவீனம் மரத்தின் பிறவிக்குணம். நார் ஓடும் வாக்கில் மரம் மிக உறுதியானது; குறுக்கே எளிதில் பிளக்கும். ஈரத்தால் உப்புவதும் காய்ந்து சுருங்குவதும் பெரும்பாலும் குறுக்கு வாக்கில்தான். படகிலோ பலகைகள் எல்லாமே முன்னிருந்து பின்னாக, ஒரே வாக்கில் கிடக்கின்றன. அவற்றைக் குறுக்கே பிடித்து நிறுத்துபவை வங்குகள் எனப்படும் விலா எலும்புகள் மட்டுமே. இரண்டு வங்குகளுக்கு இடைப்பட்ட பகுதியில் பலகையோடு பலகை சேரும் இடத்தைப் பிடித்திருப்பது மெல்லிய பசைக் கோடு ஒன்றுதான்.

வலுவூட்டுவதை எந்தப் பக்கம் தொடங்குவது? உட்புறம் என்பேன். படகு கரைக்கல்லில் மோதும்போது பலகை உள்நோக்கி வளைகிறது. அப்போது வெளிமுகம் அமுங்குகிறது, உள்முகம் இழுபடுகிறது. விரிசல் இழுபடும் பக்கம்தான் பிறக்கும். அந்த உள்முகத்தில் மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸி பிசின் பூசி ஒட்டினால், பலகைகளுக்குக் குறுக்கே ஓடும் இழைகள் அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். சிறிய படகுக்குச் சதுர மீட்டருக்கு 25 முதல் 50 கிராம் எடையுள்ள துணி போதும். அதைவிடக் கனமான துணி, பலத்தைவிட அதிகமாகப் பிசினையும் பாரத்தையும்தான் சேர்க்கும்.

வெளிப்புறமும் ஒரு சுற்று ஒட்டினால் நடுவில் மரம், இருபுறமும் கண்ணாடி என்று அடுக்கு உருவாகிறது. 1940 நவம்பரில் முதன்முதலில் பறந்த பிரிட்டனின் மஸ்கிட்டோ போர்விமானத்தின் உடலும் இந்தத் தத்துவத்தில் அமைந்ததே: பிர்ச் ஒட்டுப்பலகைகள் இரண்டுக்கு நடுவே லேசான பால்சா மரம்.

துணி சரியாக ஒட்டியதா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். கண்ணாடியும் எப்பாக்ஸியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பவை. பிசின் ஊறியதும் வெள்ளைத் துணி மறைந்து மரத்தின் ரேகை தெரியும். எங்கே வெள்ளையாக நிற்கிறதோ அங்கே பிசின் போதவில்லை அல்லது காற்று சிக்கியிருக்கிறது. மிகுந்த பிசினைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து எடுத்துவிட வேண்டும்.

வெளியே பெயின்ட் அடித்துவிட்டு உள்ளே வெறும் மரமாக விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. உள்ளே தேங்கும் சொட்டுத் தண்ணீரே பலகையை உப்பவைத்து இணைப்பைத் திறந்துவிடும். துணி ஒட்ட முடியாத மூலைகளுக்கும் ஒரு பூச்சு எப்பாக்ஸி கட்டாயம்.

எப்பாக்ஸியோடு கலக்கும் கெட்டியாக்கும் திரவத்தைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நம்பாதீர்கள்; தயாரிப்பாளர் சொன்ன விகிதம் தவறினால் பிசின் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கையுறை இல்லாமல் அதைத் தொடவும் வேண்டாம். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.