தோர்ணக்கல்லுக்குச் சென்ற திருநெல்வேலி ஆசிரியர்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சென்னை வண்டி ஏறாத குடும்பம் இராது. காசிப்பேட்டைச் சந்திப்பைத் தாண்டி விஜயவாடா நோக்கி இறங்கும் அவ்வண்டி, வாரங்கல், மகபூபாபாத் இரண்டுக்கும் அப்பால் தோர்ணக்கல் என்னும் சந்திப்பைக் கடந்து செல்கிறது. சிங்கரேணி நிலக்கரி வயல்களுக்குச் செல்லும் கிளைப்பாதை அங்கேதான் பிரிகிறது. நிலக்கரி வாகன்களின் கணக்கெழுதும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு அது நாள்தோறும் பேரேட்டில் காணும் பெயர். அவ்வூருக்கும் நம் திருநெல்வேலிச் சீமைக்கும் உள்ள உறவை நாம் அறிந்ததோ மிக அண்மையில்தான்.

1902-ல் வே. சா. அசரியா என்னும் இளைஞர் யாழ்ப்பாணம் சென்றிருந்தார். திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் ஒரு போதகரின் மகனாய்ப் பிறந்தவர். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர் துரைமார் கையை எதிர்பாராது தாமே ஊழியரை வெளியே அனுப்புவதைக் கண்டு, நம் ஊராரால் இது ஏன் ஆகாது என்று எண்ணினார். மறு ஆண்டே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. பனங்காட்டு மக்களின் காணிக்கையே அதன் முதல்.

அவர்கள் தேர்ந்த இடம் நைஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல். இன்று தெலங்கானா என்கிறோம். அன்று அது வேற்று நாடு போன்றதே. நாணயம் தனி, ரயில்வே தனி. அரசாங்க மொழி உருது, குடிமக்கள் மொழி தெலுங்கு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அத்தொலைவுக்கு 1904-ல் முதலில் சென்றவர் சாமுவேல் பாக்கியநாதன். 1909-ல் அசரியாவே தம் பதவியைத் துறந்து அங்குக் குடியேறினார். வயது முப்பத்தைந்து. முதலில் வாசம் கூடாரத்தில். மனைவி அன்பு மாரியம்மாளும் அவ்வாழ்வை ஏற்றார்.

நாம் அச்சமயத்தைச் சார்ந்தோர் அல்லோம். மதமாற்றம் குறித்து 1930-களில் காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் இடையே எழுந்த கருத்து வேற்றுமையுள் நுழைவதும் நம் நோக்கமன்று. நம் மனத்தை ஈர்த்தது, அவர்கள் பள்ளி நடத்திய விதமே.

பிள்ளைகள் யார்? பெரும்பாலும் மாலா, மாதிகா என்று ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டோரின் மக்கள். தகப்பன்மார் பலர் நிலப்பிரபுக்களுக்குக் கூலியின்றி வெட்டி வேலை செய்தவர்கள். பகலெல்லாம் எருமை மேய்க்கும் சிறுவனிடம் காலை பத்து மணிக்கு மணியடித்து என்ன பயன்? ஆகவே விளக்கேற்றிய பின் பள்ளி. எழுத்தறியாதவர்க்கு முதலில் பாட்டு. பாட்டின் வழியே பாடம். ஆசிரியருடன் அவர் மனைவியும் கற்க வேண்டும் என்பதிலும் அசரியா கண்டிப்பாய் இருந்தார். அவள் எழுத்தறியாதவளாயின் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு யார் கற்பிப்பது?

இவை யாவற்றுக்கும் முன், வந்தவர்கள் தாமே மாணாக்கராக வேண்டியிருந்தது. தமிழில் ககரம் ஒன்று, தெலுங்கில் நான்கு. சொற்களோ இன்னும் பொல்லாதவை. நம் அனுபவத்தையே சொல்லுவோம். இங்கு வந்த புதிதில் ஒரு வியாபாரி நம் மேசைக்கு வந்து, தாம் கொடுத்திருந்த விண்ணப்பத்தைக் காட்டி, "அவசரம் லேது" என்றார். அவசரமில்லை என்கிறாரே, நல்ல மனிதர் என்று அதைக் கட்டின் அடியில் வைத்துவிட்டோம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று பொருள். விண்ணப்பமே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்று அவர் கேட்டிருக்கிறார்! பத்து நாள் கழித்து அவர் வந்து போட்ட கூச்சலுக்கு விளக்கம் தேவையிருக்கவில்லை. அதுமட்டும் நன்றாக விளங்கிற்று. நமக்குப் போனது ஒரு நாள் மரியாதை. ஆனால் பிள்ளைகளின் நடுவே நின்று இப்படிப் பிழைபடப் பேசும் ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தெலுங்கர் பள்ளிக்கூடத்தைப் 'பdi' என்று வன்மை குறைத்து ஒலிப்பார்கள். நாம் படி என்பதும் அதுவும் உறவினர் போலும்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அதனினும் பெரிதாக நமக்குத் தோன்றுவது வேறொன்று. 1935 அளவில் அவர் மேற்பார்வையில் கிராம ஆசிரியர் 2,000 பேருக்கு மேல் இருந்தனர். அத்தனை பேரையும் திருநெல்வேலி அனுப்பியிருக்க முடியாது. கற்றவர்களே கற்பிப்பவர்களாயினர், தமிழ் வாத்தியாரின் இடத்தில் தெலுங்கு வாத்தியார் வந்தமர்ந்தார்.

சென்ற மாதம் ஓய்வு நாளொன்றில் பாசஞ்சர் வண்டியில் தோர்ணக்கல் சென்றோம். 1939-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயம் ஓங்கி நிற்கிறது. தூண்கள் நம் கோயில் மண்டபத்தை நினைவூட்டின. மேலே மசூதிக் குவிமாடங்கள். அசரியா 1945 ஜனவரி 1-ல் மறைந்தது இவ்வூரில்தான்.

வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் நம் பேச்சைக் கேட்டதும், "மீரு அரவவாள்ளா?" என்றார். தமிழரை இங்கே அரவர் என்பது வழக்கம். நம்மவர் சிலர் அச்சொல்லுக்குச் சினப்பதுண்டு. அவரோ, தம் பாட்டனாருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும் ஓர் அரவ வாத்தியார் என்றார். பெயர் கேட்டோம், தெரியவில்லை. இங்கு எத்தனை ஆண்டு, தெலுங்கு படிக்க வருமா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒன்பது ஆண்டு என்றோம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாமல் ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டோம். உண்மையில் வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

நம் மகள் இங்குள்ள பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவளுடைய தெலுங்கு வாசகத்தை இரவுதோறும் நாமும் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறோம். நான்கு ககரங்களில் மூன்றாவதில் நிற்கிறோம். அதையும் சரியாக ஒலிக்கவில்லை என்பது அவள் தீர்ப்பு.