குளிரில் புகையும் டீசல் வண்டி

நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்கள் சிலவற்றில், டீசல் வண்டியின் பழுதுச் செலவு பெருந்தொகையாகக் கணக்கில் ஏறியிருக்கக் காண்கிறோம். காலையில் புகைந்து நடுங்கியது என்பதற்காகவே எரிபொருள் பம்பைக் கழற்றிவிடுகின்றனர். இது முறையன்று.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் அழுத்தப்பட்டுச் சூடேறும் காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குளிர்ந்த இஞ்சினில் அச்சூடு போதாதபோது எரியாத டீசல் வெண்புகையாக வெளியேறும், வண்டியும் நடுங்கும். சூடேறியதும் இரண்டும் நின்றுவிடுமாயின், முதலில் ஐயுற வேண்டியது ஹீட்டர் பிளக்குகளையே.

12 வோல்ட் பிளக்காயின், அதன் மின்கம்பியை அகற்றி, பாட்டரியின் நேர்முனையில் இணைத்த சோதனை விளக்கை அதன் முனையில் தொட்டுப் பார்க்கலாம். விளக்கு எரியாவிடில் அந்தப் பிளக்கை மாற்ற வேண்டும். எல்லாவற்றிலும் எரியுமாயின், பிளக்குகளுக்கு மின்சாரம் வருகிறதா என்று ரிலேயைச் சோதித்தல் வேண்டும்.

கரும்புகை எனில் காற்று வடிகட்டியைப் பார்க்க. நீலப்புகை, இஞ்சின் எண்ணெய் எரிவதன் அறிகுறி. சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காது ரேடியேட்டர் நீரும் குறையுமாயின், ஹெட் காஸ்கெட் ஐயத்திற்குரியது. வண்டியை மேலும் ஓட்டலாகாது. காமன் ரெயில் இஞ்சினில் எரிபொருள் குழாய்களைத் தளர்த்துதல் கூடாது. அவற்றின் அழுத்தம் உயிருக்கே ஊறு செய்யும்.

சோதனை முதலில், செலவு பின்னர். செலவாவது அங்கத்தினர்களின் பணமன்றோ?