அல்சேஷன் ஈற்றில் சடைக்குட்டி



உங்க வீட்டு அல்சேஷன் போட்ட குட்டிகளிலே ஒன்றுக்கு மட்டும் காதிலும் வாலிலும் முடி நீளமாகத் தொங்குகிறதா? "இது கலப்புக் குட்டி" என்று தெருவில் விட்டுவிடாதீர்கள். ஆண் நாய் தந்தவரிடம் சண்டைக்கும் போகாதீர்கள்.

நீளமுடிக்கான மரபுக்கூறு கட்டைமுடி நாய்களிலும் மறைந்திருக்கும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால்தான் குட்டி சடையாகும். அப்படிப்பட்ட ஜோடிக்குச் சராசரியாக நாலு குட்டிக்கு ஒன்று இப்படிப் பிறக்கும். அடிமுடியும் உள்ள நீளமுடி அல்சேஷனை 2010-ஆம் ஆண்டின் சர்வதேச இனவிதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

காவலுக்குக் குறைவில்லை, முடியைத்தான் கவனிக்கணும். வாரம் மூணு நாலு தடவை தோல்வரை படும்படி சீவிவிடுங்கள். காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் சீக்கிரம் சிக்கு விழும். வயலுக்குப் போய் வந்தால் நெருஞ்சி முள், ஒட்டுப்புல், உண்ணி இருக்கிறதா என்று முடிக்குள் விரல்விட்டுத் தடவிப் பாருங்கள். உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே போடுங்கள். குளிப்பாட்டினால் அடிமுடிவரை காயணும். ஈரம் தங்கினால் புண் வரும்.

கோடை என்று மொட்டையடிக்காதீர்கள். வெயில் நேரே தோலைச் சுடும். நாய் மூச்சிரைத்துத்தான் பெரும்பாலும் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. ஆகவே பகலில் மரநிழலில் கட்டி, பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். ராக்காவலுக்கு அது தெம்பாக எழுந்து நிற்கும்.