டைட்டானியம் கேம்பிங் பாத்திரம்: ஒரு டம்ளர் தண்ணி எடைக்கு 4,500 ரூபாய் கொடுக்கலாமா?

போன வீடியோவுல என் டைட்டானியம் சமையல் செட்டைக் காட்டினதுல இருந்து ஒரே கேள்விதான்: "சார், நீங்களே வச்சிருக்கீங்க, நாங்களும் வாங்கலாமா?" லிங்க் கேட்ட யாருக்கும் நான் அனுப்பல. முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

நான் வாங்கின கதை

சி.ஏ. முடிச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளி. போனஸ் 15,000 ரூபாய். 750 மில்லி பாத்திரம் 4,800, 450 மில்லி மக் 3,200, தட்டு 2,100, ஸ்பூன் 900. மொத்தம் 11,000.

மூணு வாரம் கழிச்சு கிள்ளையில இருந்து அப்பா போன் பண்ணார். முடசல் ஓடையில நிக்கிற எங்க ஃபைபர் போட்டுக்கு இன்ஜின் ரிப்பேர், 12,000 வேணும்னார். என் அக்கவுன்ட்ல 3,000 சொச்சம்தான் இருந்தது. "பரவால்லப்பா, நான் பாத்துக்கறேன்"னு வச்சுட்டார். அம்மா கம்மல் அடகுக்குப் போனது, பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பதான் எனக்குத் தெரிஞ்சது.

ஊருக்கெல்லாம் பட்ஜெட் போடச் சொல்ற படிப்பு படிச்சவன் செஞ்ச வேலை இது.

டைட்டானியத்துல அப்படி என்ன இருக்கு?

எல்லா உலோகத்தையும் விட லேசானதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், ஸ்டீல் 8 கிராமுக்குப் பக்கம். ஆனா டைட்டானியம் ரொம்ப உறுதி. அதனால தகட்டை மெல்லிசா அடிக்கலாம். என் பாத்திரம் மூடியோட 103 கிராம்தான்.

கனிமத்துக்கும் பஞ்சமில்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணல்ல இருக்கிற இல்மனைட்ல டைட்டானியம் உண்டு. அதை உலோகமா பிரிச்செடுக்கறதுதான் செலவு. குளோரினோட சேர்த்து, பிறகு காத்து படாம மெக்னீசியத்தோட சூடு பண்ணித்தான் எடுக்கணும். விலை ஏறுறது அங்கதான்.

இப்ப நம்ம கணக்கு. அதே அளவு எவர்சில்வர் பாத்திரம் சிதம்பரத்துல 300 ரூபாய்க்கு வாங்கினேன், எடை 283 கிராம். வித்தியாசம் 180 கிராம். கூடக் கொடுத்த காசு 4,500. அதாவது ஒரு கிராம் குறைக்க 25 ரூபாய். அந்த 180 கிராம், ஒரு டம்ளர் தண்ணியோட எடை. பாட்டில்ல ஒரு டம்ளர் தண்ணியைக் குறைச்சு எடுத்துட்டுப் போனா முதுகுக்கு அதே சுகம், செலவு பூஜ்யம்.

நம்ம சமையலுக்கு ஒத்து வருமா?

தண்ணி கொதிக்க வைக்க, நூடுல்ஸ் போட, டீ போட அருமை. சோறு, உப்புமான்னு இறங்கினீங்கன்னா அடிப்பிடிக்கும். அலுமினியம் வெப்பத்தை டைட்டானியத்தை விட 10 மடங்குக்கு மேல கடத்தும். டைட்டானியத்துல, அதுவும் இவ்வளவு மெல்லிசான தகட்டுல, சூடு தீ படற இடத்துலயே நின்னுடும். நடுவுல கருகும், ஓரத்துல வேகாது. நான் முதல் தடவை செஞ்ச ரவை உப்புமாவைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

எனக்குப் பிடிச்ச ரெண்டே பொருள்

1. ஒற்றைச் சுவர் மக். அடுப்பு மேலயே வைக்கலாம். இரட்டைச் சுவர் மக்கை மட்டும் தீயில வைக்காதீங்க, நடுவுல அடைபட்ட காத்து விரிஞ்சு வெடிக்கலாம். இதை தினமும் ஆபீஸ்ல டீக்கு வச்சிருக்கேன். 6 வருஷத்துல குறைஞ்சது 1,500 தடவை பயன்படுத்தியிருப்பேன். ஒரு தடவைக்கு 2 ரூபாய் சொச்சம்தான்.

2. ஸ்பூன். கிள்ளை உப்புக்காத்துல கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடிச்சுப் போகும். கடல் தண்ணியால டைட்டானியத்தை ஒண்ணும் பண்ண முடியாது. என் ஸ்பூன்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு புள்ளி கறை இல்ல.

பாத்திரமும் தட்டும்? 6 வருஷத்துல நான் வெளியில கூடாரம் போட்டுத் தங்கினது 11 ராத்திரி. அந்த ரெண்டுக்கும் சேர்த்து 6,900 ரூபாய்னா, ராத்திரிக்கு 627 ரூபாய்!

ஒரு முக்கியமான எச்சரிக்கை

டைட்டானியம் அடுப்பு 25 கிராம்ல கூட வருது. ஆனா கேஸ் கேனை ரயில்ல எடுத்துட்டு வரக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26-ந் தேதி மதுரையில நின்னுட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில, சட்டவிரோதமா கொண்டு வந்த சிலிண்டரால தீப்பிடிச்சு 9 பேர் இறந்துட்டாங்க. ரயில்வே சட்டம் பிரிவு 164-ன்படி இதுக்கு 3 வருஷம் வரை சிறை. அதே மாதிரி எங்க ஊரு பிச்சாவரம் பார்க்க வர்றவங்க, அது காப்புக்காடுங்கறதை மறக்காதீங்க. படகுல ஜாலியா போங்க, அடுப்பு மட்டும் வேண்டாம்.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

1. மூணு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் தனியா இருக்கா? இல்லன்னா இங்கயே நிறுத்துங்க.

2. வருஷத்துக்கு 10 ராத்திரியாவது, சாமானை முதுகுல சுமந்து நடந்து போய்த் தங்குறீங்களா? கார்லயோ பைக்லயோ போறவங்களுக்கு 180 கிராம் ஒரு விஷயமே இல்ல. எப்பவாவது போறவங்க வாடகைக்கு எடுக்கலாம்.

3. முழுப் பணமும் கையில இருக்கா? 'நோ-காஸ்ட் இஎம்ஐ'ன்னாலும், அதுல ஒளிஞ்சிருக்கிற வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் ஃபீஸும் உங்க தலையிலதான் விழும். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சுங்க வரியும் கூரியர் கட்டணமும் தனி.

மூணுக்கும் 'ஆமா'ன்னா தாராளமா வாங்குங்க, தப்பே இல்ல. ஒண்ணுக்கு 'இல்ல'ன்னாலும் ஸ்பூனோட நிறுத்திக்கோங்க.

கம்மலை அடுத்த வருஷமே மீட்டுட்டோம். நான் வாங்கின பாத்திரம் இப்ப அம்மா கிட்ட இருக்கு, வெந்நீர் வைக்கறாங்க. அப்பா விடியக்காலையில கடலுக்கு எடுத்துட்டுப் போறது இன்னிக்கும் அதே எவர்சில்வர் தூக்குதான். உள்ள பழைய சோறு, ஊறுகா. அடுப்பும் வேண்டாம், கேஸும் வேண்டாம்.

எமர்ஜென்சி ஃபண்டை எங்க போட்டு வைக்கறதுன்னு அடுத்த வீடியோவுல பாக்கலாம்.